குளியலறையில் ஒரு வட்டம்

ஹாமில்டன், நவம்பர் 9

அன்பு மகளே,

நேற்று உன் அம்மாவைப் புதிய பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே கழிப்பறைக்குள் சக்கர நாற்காலியில் தனியாகப் போனாள், தானே திரும்பினாள், தானே கை கழுவி வெளியே வந்தாள். இரண்டு ஆண்டில் இதுதான் முதல் முறை.

இந்தக் கழிப்பறையை யார் வடிவமைத்தது என்று நர்ஸ் டார்லீனிடம் கேட்டேன்.

"ஹேசல்னு ஒரு பொண்ணு சார். இன்டீரியர் டிசைன் படிக்குது. காலேஜ்லேர்ந்து நாலு மாசம் வேலைக்கு அனுப்பியிருந்தாங்க. நாற்காலி திரும்ப இடம் போதுமான்னு பார்க்க, தரையில நீல டேப்பால வட்டம் ஒட்டி, மூணு நாள் சக்கர நாற்காலியிலயே சுத்துச்சு. என் கால்மேல ரெண்டு தடவ ஏத்திடுச்சு! 'எங்கம்மாவுக்கு இது பத்தாது'ன்னு டேப்பைப் பிச்சுப் பிச்சு ஒட்டும்."

நான்தான் உன் அப்பா என்று அவளிடம் சொல்ல மனம் வரவில்லை. 'மெத்தைக்கு நிறம் பார்க்க ஒரு பட்டமா?' என்று உன்னைக் கேட்டவன் அல்லவா?

கணக்கு ஆசிரியராக முப்பது ஆண்டு கரும்பலகையில் வட்டம் வரைந்தேன். அதற்குள் ஒருத்தி யாரையும் கூப்பிடாமல் திரும்பலாம் என்று நேற்றுதான் கண்டேன்.

இன்று காலை நம் குளியலறையில் டேப் ஒட்டிப் பார்த்தேன். வட்டம் சரியாகவே வந்தது. ஆனால் கதவு உள்பக்கம் திறந்து வட்டத்துக்குள்ளேயே வரும் என்பதை மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருவாயா? நாற்காலியில் நான் உட்காருகிறேன். வேறு எங்கெல்லாம் தவறு என்று நீ சொல்.

உன் அப்பா