மேற்குப் பக்கச் சுவர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மேற்கிலிருந்து காற்று, குடை இரண்டு முறை மடங்கிக்கொண்டது. ஓடை வரை ஜீப், அப்புறம் அரை மணி நேர நடை. சுருளிப்பட்டியில் வாங்கிய திராட்சை பைக்குள் நசுங்கி, வரைபடமெல்லாம் பிசுபிசு.

வேலை: காட்சிக் கோபுரத்துக்கு இடம் குறிப்பது. அதுவரை வரும் நடைபாதைக்கு வளைவுகள். உட்காரக் கல் எங்கெங்கே.

இடம் நான் தேர்ந்தெடுத்ததில்லை. மதுரை ஆபீசில் சார் படத்தில் வட்டம் போட்டார், மேலிடமும் ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்கு உருவம் கொடுப்பது மட்டும் என் வேலை.

துணைக்கு வனத்துறை வாட்சர் பாண்டி. மேட்டிலுள்ள நாவல் மரத்தில் ஏறி, டேப்பைத் தொங்கவிட்டு, நாற்பதடி உயரத்தில் சிவப்புத் துணி கட்டினார். மேல்தளம் அங்கே வரும். கிழக்கே பள்ளத்தாக்கு முழுதும்: நெல், தென்னை, திராட்சைப் பந்தல். மேற்கே காடு, தூரத்தில் நூல் மாதிரி அருவி. நல்ல இடம்தான். சாரைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தது வீண்.

மேட்டுக்கு மேற்கே, சரிவில் பதினாலு வீடு. பாண்டி வீடும் அங்கேதான். அவர் தங்கை முத்தம்மா, என் வயதிருக்கும், பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள்.

"எதுக்குத்தா மரத்துல துணி?"

"அந்த உயரத்துக்கு ஒரு கோபுரம் வருது."

"யாரு ஏறுவாக?"

"டூரிஸ்ட்டுங்க. ஊரைப் பாக்க."

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பினால் ஓடையில் நெஞ்சளவு தண்ணீர். அக்கரையில் ஜீப். டிரைவர் கையை விரித்துக் காட்டினார், கொஞ்சம் நின்றார், போய்விட்டார்.

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. பால்வாடிக் கட்டடத்தில் படுக்கை. சுவரில் அ அணில், ஆ ஆடு. ஜன்னல் ஒன்று, அதுவும் திறக்காது.

மாற்றுத் துணி: ஒன்று. போன் சார்ஜ்: 38. சிக்னல் மேட்டில் மட்டும். சாப்பாடு: கஞ்சி, கப்பக்கிழங்கு, கருவாடு.

ஓடையை மூன்று தடவை போய்ப் பார்த்தாயிற்று. பாண்டி சிரித்தார். "பாக்கப் பாக்க வடியாது மேடம்."

மத்தியானம் மாதவிலக்கு வந்துவிட்டது, நான்கு நாள் முன்னாடியே. யாரிடம் சொல்வது. கழுவ இடமில்லை. சுருண்டு படுத்திருந்தேன். முத்தம்மா எட்டிப் பார்த்தவள் ஒன்றும் கேட்கவில்லை, பழைய சேலை ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். "வாங்க, குளிச்சா வலி கொறையும்."

வீடுகளுக்குப் பின்னால், கிளையோடை பாறையில் தேங்கி ஒரு மடு. அங்கே வெள்ளம் இல்லை, தண்ணீர் தெளிவு. ஐந்தாறு பெண்கள். மாராப்புக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஐஸ். ஒருத்தி என் முதுகைத் தேய்த்தாள், கேட்காமலே. இரண்டு நாளில் முதல் தடவையாக உடம்பு லேசானது.

தலையை முக்கி எழுந்து முடியைத் தள்ளிக்கொண்டு மேலே பார்த்தேன். மர உச்சியில் சிவப்புத் துணி. நேராக.

கழுத்து வரை தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

முத்தம்மா மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து நீங்க சொன்னப்பவே புரிஞ்சுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா?"

வேறு இடத்தில் குளிக்க முடியாதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "மேல குடிக்கிற தண்ணி. கீழ வழுக்குப் பாறை. எங்கன போக?"

வரைபடத்தில் நானே போட்டது: மேல்தளம், மேற்கு ஓரம், தொலைநோக்கி 2. பெரியவர்கள் உயரத்துக்கு ஒன்று, பிள்ளைகள் உயரத்துக்கு ஒன்று.

ஜூலை 10, வியாழன்

தூறல். வயிற்று வலி தேவலை.

தனியாக மேட்டுக்குப் போனேன். பாண்டியைக் கூப்பிடவில்லை, பெண்கள் குளிக்கும் நேரம், அவர் இப்போது ஏறக் கூடாது. நானே கால்வாசி மரம் ஏறினேன், முழங்கையில் சிராய்ப்பு. அந்த உயரமே போதும். மடுவில் ஒரு பெண் தலை துவட்டுவது தெரிந்தது. எந்தக் கை என்பது வரை.

சாருக்குப் போன். எல்லாம் சொன்னேன்.

"மூங்கில் நட்டு மறைச்சிரலாம்மா."

"நாப்பதடிக்கா சார்?"

"அப்ப ஒரு பாத்ரூம் கட்டித்தரச் சொல்லி நோட் வச்சிரலாம். எடத்த மாத்துறது நடக்காது. அருவி தெரியுதுன்னுதான் ஓகே பண்ணாங்க."

"சார், நான் அங்க குளிச்சேன்."

"உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லு. கதிர் முடிச்சுக் குடுத்துருவான்."

முடிப்பான். ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை அவன்; மதுரையில் உட்கார்ந்தபடியே, இரண்டு நாளில். அவன் கெட்டவன் இல்லை, இங்கே வந்ததில்லை, அவ்வளவுதான். நான் விலகினால் கோபுரம் வரும். விலகாவிட்டால் என் பெயரோடு வரும்.

அம்மா மெசேஜ்: சாப்பிட்டாயா. சாப்பிட்டேன் என்று போட்டேன்.

இன்று குளிக்கவில்லை. முத்தம்மா கூப்பிட்டாள், காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்றேன். பால்வாடிக்குள்ளேயே நடந்தேன். ஒன்பது காலடி அந்தப் பக்கம், ஒன்பது இந்தப் பக்கம்.

ஜூலை 11, வெள்ளி

மழை நின்றது. காற்று மட்டும், பேய்க்காற்று. மேட்டில் நிற்கவே முடியவில்லை, மரத்தைக் கட்டிக்கொண்டுதான் போன் பேசினேன். சார்ஜ் 6.

"சார், காத்து. மேற்கேருந்து நேரா அடிக்குது. அந்தப் பக்கம் தெறந்து வச்சா தாங்காது. தரையிலேருந்து கூரை வரைக்கும் சுவர் வேணும். படியும் கிழக்கேதான்."

"அருவி?"

"ஆடியில அந்தப் பக்கம் ஒருத்தரும் நிக்க முடியாது சார். யாராவது விழுந்தா நம்ம தலையிலதான் வரும்."

"சரி, மூடிரு. இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தொலைநோக்கி இரண்டும் கிழக்கே. மேற்குச் சரிவில் இறங்கும் பாதையை வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன், காரணம் மண்சரிவு என்று எழுத வேண்டும். காற்றின் வேகத்துக்குக் கணக்கு காட்ட வேண்டும். உண்மைக் கணக்குப்படி தூண்களின் கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினால் போதும், சுவரே வேண்டாம். அதைப் பார்க்கத் தெரிந்தவர் யாராவது பார்த்தால் என் வேலை போகும். சந்தோஷம் வரவில்லை.

பத்து மணிக்குப் பாண்டி வந்தார். தண்ணீர் இறங்கிவிட்டது, ஜீப் வந்துவிட்டது, குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்கள். மூட்டை கட்ட ஐந்து நிமிடம். முத்தம்மா ஓடை வரை வந்தாள். சேலைத் துணியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன், வேண்டாமென்றாள்.

"ஆபீஸ்ல பேசுனீகளாமே. அண்ணன் சொல்லுச்சு."

"பேசிட்டேன். உங்க பக்கம் முழுக்கச் சுவர் வந்துரும். மேலேருந்து ஒண்ணும் தெரியாது."

"ஒத்துக்கிட்டாகளா?"

"ஒத்துக்கிட்டாங்க. காத்து ஜாஸ்தின்னு சொன்னேன்."

"காத்துன்னு மட்டுமா?"

"ம்."

அக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"அப்ப நாங்க இங்கன இருக்கிறத எழுதலையாத்தா?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் இடுப்பு வரை இருந்தது.