பார்வையாளர் நேரம்

அன்புச் சுருட்டைக்கு,

நெட்டை எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன், அண்ணி, குழந்தைகள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

பட்டமளிப்பு விழாப் படம் வந்து சேர்ந்தது. அந்தக் கறுப்பு அங்கிக்குள் உன்னைப் போல் இன்னொருத்தியையும் சேர்த்து நிறுத்தலாம். தொப்பி உன் முடிமேல் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறது. பார்த்துச் சிரித்தேன். பிறகு படத்தை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டேன். சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பல் டாக்டரிடம் இருக்கிறேன். வருகிறவர்களின் பெயரை எழுதி, வரிசையாக உள்ளே அனுப்ப வேண்டும். டாக்டர் நல்லவர், கத்தமாட்டார். நாள் முழுக்க வாயைத் திறக்கச் சொல்கிற இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மா மட்டும் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், சமூகப்பணி மேல்படிப்புக்கு லீவு போட்டிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்கிறாள். எத்தனை நாளைக்கு லீவு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, நல்லவேளை.

நாம் படிக்கும்போது ஃபீல்டு ஒர்க் போன அதே பெண்கள் இல்லத்தில் உனக்குக் கவுன்சிலிங் கொடுக்கும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். தெரிந்த இடம், தெரிந்த மனிதர்கள், அதனால் பயமில்லை என்று ஒரு வரி. அந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு வெகுநேரம் ஆனது.

அங்கே நடந்ததை நீ எப்படி நினைவில் வைத்திருக்கிறாயோ எனக்குத் தெரியாது. நான் வைத்திருக்கிறபடி சொல்கிறேன்.

சமையலக்காவை முதலில் பிடித்துப்போனது உனக்குத்தான். புருஷன் கையை முறித்து அனுப்பி, கட்டோடு வந்தவர். கை கூடியதும் போயிருக்க வேண்டியவர். ஆனால் அவர் கைப்பக்குவத்துக்கு எல்லோரும் அடிமையாகிவிட்டார்கள். சம்பளத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்த ஆளை வார்டன் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வருஷங்கள் ஓடிவிட்டன. நாம் போனபோது அந்த இல்லத்தின் மூன்று வேளைச் சமையலும், சம்பளம் இல்லாமல், அவர் தலையில்தான் இருந்தது. உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே அவர் நம்மிடம் சொன்ன குறை ஒன்றே ஒன்று. தன் அம்மா ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை, கட்டிக் கொடுத்ததோடு தன்னைத் தலைமுழுகிவிட்டார் என்பது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதற்கடுத்த பார்வையாளர் நாளில் நமக்குப் பஸ் தப்பிப்போனது. கேட்டுக்கு வெளியே ஒரு வயதான அம்மா, கம்பை ஊன்றிக்கொண்டு வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் உள்ளே போனார், வந்தார், உங்களைப் பார்க்க இஷ்டமில்லையாம் என்றார். அவர் போனது வார்டன் அறை வரைக்கும்தான். அடுக்களைப் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு பேருமே பார்த்தோம்.

விசாரித்தோம். சமையலக்காவின் அம்மா. ஒவ்வொரு பார்வையாளர் நாளும் வருகிறாராம், ஒவ்வொரு தடவையும் இதே பதிலாம். மகள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடி வாங்கி வந்தவளை நான்தானே திரும்பத் திரும்பப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினேன், அவள் கோபம் நியாயம்தான் என்றார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். பஸ் ஏற்றிவிட்டாய். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாய். இறங்கும்போது என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா?

"இதைச் சும்மா விடக்கூடாதுடி. நாளைக்கே அக்காகிட்ட சொல்லிடணும்."

மறுநாள் சொன்னது நான். நீ காய்ச்சல் என்று வரவில்லை. சமையலக்கா கையைக் கழுவிக்கொண்டு நேரே வார்டன் அறைக்குப் போனார். மார்க்குக்காகக் கதை கட்டுகிற பெண்கள் என்று வார்டன் சொல்லிவிட்டார். பிறகு நம் பேராசிரியர் வந்தார். வார்டன் அறையில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருக்க, நாம் இருவரும் சமையலக்காவும் நின்றிருந்தோம். நான் சொல்லி முடித்ததும் பேராசிரியர் உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்க்கவில்லை.

"நான் எதையும் பார்க்கலை சார். யாரும் வந்த மாதிரி தெரியலை."

சமையலக்கா உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பிவிட்டார், சுருட்டை. அவருக்கு உன்னை அவ்வளவு பிடிக்கும். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

இங்கிருந்து போகவில்லை என்பது அவருடைய சொந்த முடிவு, அதை மதிக்கத்தான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது என்றார் பேராசிரியர். அந்தப் பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல் மார்க். ஃபீல்டு ஒர்க்கில் மட்டும் தோற்றேன். ஒரு வருஷம் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். நலத்துறை அலுவலகத்துக்கும் போனேன். சம்பந்தப்பட்டவர் புகார் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். சமையலக்காவைப் பார்க்கலாம் என்று இல்லத்துக்குப் போனால் வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே கும்பிட்டார். தன் பிழைப்பில் மண் விழுந்துவிடும், இனி வராதே என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

உன்னை யோசிக்காமல் இல்லை. உன்னைப் படிக்க அனுப்ப உன் அண்ணன் வீட்டில் யார் யாரோடு மல்லுக்கட்டினார் என்று எனக்குத் தெரியும். பாதியில் திரும்பியிருந்தால் உனக்கு என்ன காத்திருந்தது என்பதும் தெரியும். உன் இடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மனசு ஆறுகிறதா என்றால், இல்லை. என் படிப்பு போனதற்குக்கூட ஆறிவிடும். அந்த அக்காவின் முகம் ஆறவிடமாட்டேன் என்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன். நீ தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போகும் சாலையில், தையல்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துபோனது. இனி நடமாட்டம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்தான் குளிக்க வைக்கிறாள். போனவாரம்கூட உன்னை விசாரித்தார். அந்தச் சுருட்டை முடிப் பொண்ணு எப்படி இருக்கு, அன்னிக்கு ரொம்ப அழுதுச்சே என்றார். நல்லா இருக்கா, படிச்சு முடிச்சுட்டா என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

மகள் வர வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்:

"நான் வந்துட்டுத்தான் இருந்தேன்னு மட்டும் அவ காதுல போட்டுடுங்கம்மா. வேற எதுவும் வேண்டாம்."

நான் போட முடியாது. போட்டாலும் அவர் நம்பமாட்டார். பார்க்கவில்லை என்று சொன்ன வாய்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாய். உனக்கென்று ஓர் அறை தருவார்கள், எதிரே ஒரு நாற்காலி போடுவார்கள். அதில் யாரையும் உட்காரவைப்பதற்கு முன்னால் அடுக்களைக்குப் போ. எனக்காக வருத்தப்பட்டு எதுவும் எழுத வேண்டாம். படித்தால் இன்னும் கோபம் வரும். அக்காவுக்கு அந்தத் தையல்கடைக்கு மட்டும் வழி சொல்லு. அந்த அம்மாவுக்கு இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் நினைவு தப்புகிறது. காலையில் வரச் சொல்லு.

நீ நல்லா இருக்கணும். இந்த வேலையில் நல்ல பேர் எடுக்கணும். இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனாலும் அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

நெட்டை