ஓட்டத்துக்குப் பின் வெறும் வயிறு

பிப்ரவரி 3
காலையில் நீண்ட ஓட்டம். முடிந்ததும் வழக்கம்போலத் தண்ணீர் மட்டும். மதியம் வரை வேறெதுவும் கூடாது என்பது பயிற்சி தரும் மாஸ்டரின் சட்டம். "ஓடிக் கரைச்சதை உடனே தின்னு ஏத்திக்கிட்டா, எதுக்கு ஓடணும்?" என்பார். என்னோடு ஓடும் நெட்டை மட்டும் உடை மாற்றும் அறையில் ஒளிந்துகொண்டு அவித்த முட்டையும் வாழைப்பழமும் தின்கிறாள். எனக்கும் நீட்டினாள். வாங்கவில்லை. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 19
கால் கல்லாகக் கனக்கிறது. நேற்றைய ஓட்டமே இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. நெட்டை என்னைத் தாண்டிப் போனாள். எப்போதும் என் பின்னால் மூச்சு வாங்கியவள்!

மார்ச் 2
மாஸ்டரிடம் சொன்னேன். இன்னும் எடை குறைந்தால் கால் லேசாகும் என்றார். இரவுச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டேன். அக்கா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11
இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி. அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஓட்டம் முடியட்டும், பிறகு பார்க்கலாம்.

மார்ச் 27
முடிந்தது. கடைசிச் சுற்றில் இடுப்புக்குள் ஏதோ மளுக்கென்றது, விழுந்தேன். நெட்டை தேர்வாகிவிட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கைதட்டலைக் கேட்டேன்.

மார்ச் 29
இடுப்பு எலும்பில் முறிவு. ஓடி முடித்த தசை காலியாகக் கிடக்கும், மாவுச்சத்தும் புரதமும் கிடைத்தால்தான் மறுநாளுக்குத் தேறும், கிடைக்காத உடம்பு தன்னையே தின்னும் என்றார் டாக்டர். பிறகு, மாதவிலக்கு எப்போது நின்றது என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"போன வருஷமே, டாக்டர்."

தெரிந்திருக்கிறது அவளுக்கு. தொல்லை விட்டது என்றுதான் நான் இருந்தேன். இனி நீண்ட தூரம் ஓடவே முடியாதாம்.

ஏப்ரல் 8
மாஸ்டர் என்னைப் பார்க்க வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. நான் என்ன தப்பு பண்ணேன்? அவர் சொன்னபடிதானே இருந்தேன் — ஒரு வாய்கூட மீறலையே.

ஜூன் 15
சாப்பிடுகிறேன். அக்கா தட்டை நிரப்பிவிட்டு எதிரே காவலுக்கு உட்காருகிறாள். ஓடுகிறவள் சாப்பிட வேண்டியதெல்லாம் இப்போது உள்ளே போகிறது.

ஆகஸ்ட் 30
ஊன்றுகோலோடு மைதானம் வரை போனேன். மாஸ்டரிடம் புதிதாக ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஓட்டம் முடித்து, உதடு வெளுத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். உடனே ஏதாவது சாப்பிடு என்று கெஞ்சாத குறை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"உங்களால தாங்க முடியலன்னு மாஸ்டர் சொன்னாரு, அக்கா. நான் தாங்குவேன்."

நான் எழுந்தபோது, என் ஊன்றுகோல் தடுக்கிவிடக் கூடாதென்று தன் பையை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.