பைப்பில் கட்டிய எர்த்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மேகம், காற்று. பழைய தங்கச் சுரங்கத்தின் சைனைடு மேட்டுத் தூசி கடைக்குள் வரை. சுவிட்ச் பெட்டிகளை இரண்டு முறை துடைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மகள் நித்யாவுக்குக் கார் வருகிறது. பேட்டரி கார். மாசமாக இருக்கிறாள், ஆறாம் மாதம். கோலார் ஆபீசுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறாள். மாப்பிள்ளை பெங்களூரில், ஞாயிறு மட்டும் தலைகாட்டுவார். லீவு போடு என்றால் சண்டை. ஆகவே கார். ஓட்டப்போவதும் அவளேதான்.

சார்ஜர் என் பொறுப்பு. ஆண்டர்சன்பேட்டையில் இருபத்தெட்டு வருடமாக ஒயர் விற்கிறவனுக்கு ஒரு சார்ஜர் பொறுக்கத் தெரியாதா.

— 7 கிலோவாட்: சீக்கிரம் ஏறும். வீட்டு மீட்டர் லோடு 5 கிலோவாட்தான். கூட்ட வேண்டுமானால் மனு, அலைச்சல். வேண்டாம்.
— 3 கிலோவாட், சுவரில் மாட்டுவது: இரவு முழுக்க ஏறும். கோலார் போய் வரத் தாராளம்.
— பெயரில்லாத சரக்கு, பெங்களூர் மார்க்கெட்: சேல்ஸ்மேன் நாலு பீஸ் கடையில் வைத்துவிட்டுப் போனான். "எர்த் அது இதுன்னு எதையும் பாக்காது சார். சொருகினா ஓடும்." யோசிக்கலாம்.

நி. போனில்: "அப்பா, நல்லதா பாத்து வாங்குங்க. டெய்லி தொடப்போறது நான்தான்." எனக்கே பாடம்.

பல் டாக்டர் — மறுபடியும் போகவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கார் வந்தது. வெள்ளை. என் மனைவி சரோஜா எலுமிச்சம்பழம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் குங்குமம். வாசல் முழுக்க எங்கள் வரிசை லைன் வீட்டு ஆட்கள்.

இரண்டாவதுதான் என்று முடிவு. ஒயர்மேன் டேவிட் மாட்டினார். சொருகியதும் சிவப்பு லைட். புத்தகத்தைப் பார்த்தால்: எர்த் இல்லை.

எரிச்சல். யாரிடம் சொல்கிறது? எங்கள் லைனில் எல்லா வீட்டு எர்த்தும் பழைய சுரங்கக் கம்பெனி தண்ணீர்ப் பைப்பில் கட்டியது. சுரங்க ஷாஃப்ட் வரைக்கும் போகிற இரும்பு. இதைவிட நல்ல எர்த் இந்தியாவிலேயே கிடையாது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இத்தனை வருடமாக நான் சொல்வதே இதுதான்: பைப்பில் கட்டு, கவலையை விடு.

டேவிட்: "எதுக்கும் டெஸ்ட் லாம்ப் போட்டுப் பாக்கலாமாண்ணே? எர்த் இருந்தா எரியும்."

"இன்னாபா, என் வீட்டு எர்த்தையா?"

லாம்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சார்ஜர் பீஸ்தான் கோளாறு. மாற்றித் தரச் சொல்லி ஏஜென்சிப் பையனுக்குப் போன், கொஞ்சம் சூடாகவே.

ஜூன் 7, சனி

தூறல். மாற்று பீஸ் மதியமே வந்தது. மறுபடி சிவப்பு.

திங்கள் நி. ஆபீஸ் போக வேண்டும். காரில் சார்ஜ் கால்வாசிதான். சுவரைப் பார்த்துக்கொண்டு நானும் டேவிட்டும்.

"நியூட்ரல்லேர்ந்து எர்த்துக்கு ஒரு லூப் போட்டுட்டா பச்சை எரியும்ணே. ஊர்ல பாதிப்பேரு அப்டிதான் வெச்சிகினு கீறாங்க."

எனக்கும் தெரியும். சார்ஜரை ஏமாற்றும் வேலை. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பு முழுக்க கரண்ட். கடையில் கிடக்கும் அந்தப் பெயரில்லாத நாலு பீஸும் நினைவுக்கு வந்தன. சரி, நாளைக்கு ஏதாவது ஒன்று செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னேன்தான்.

உள்ளேயிருந்து சரோஜா: "அப்டியே வாஷிங் மெஷினுக்கும் அந்த லூப்பைப் போடச் சொல்லுங்க. மூணு வருஷமா தொட்டா சுரீர்ங்குது. சொன்னா, செருப்பு போட்டுக்கோன்றீங்க."

டேவிட் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எர்த் சரியாக இருந்தால் சுரீர் ஏது? நாளைக்குப் பைப்பைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததும் கடப்பாரை. பாத்ரூம் பின்சுவரில் பைப் மண்ணுக்குள் இறங்கும் இடம். ஒரு முழம் தோண்டியிருப்போம். பைப் முடிந்துவிட்டது.

அறுத்த வாய், துரு. கீழே வெறும் மண்.

தெருவுக்குப் பிளாஸ்டிக் பைப் போட்ட வருடம், பழைய இரும்பை யாரோ அறுத்து வண்டியில் ஏற்றிப் போனார்கள். கடை வாசலில் நின்று நானே பார்த்தேன். தெரு சுத்தமாகிறது என்று சந்தோஷப்பட்டேன். எர்த்தும் அதே வண்டியில் போகிறது என்று தோன்றவில்லை. ஒயர் விற்கிறவனுக்கு.

ஞாயிறு என்று வந்திருந்த மாப்பிள்ளை கடப்பாரையைக் கையில் வாங்கிக்கொண்டார். நி. குழியை எட்டிப் பார்த்தாள். "நான் குளிக்கிற ஹீட்டரும் இதுலதானாப்பா?"

ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும்.

லூப் கிடையாது. டேவிட்டிடம் சொல்லிவிட்டேன்: புதுக்குழி, முறையாக. கடையிலிருந்து இரும்புக் குழாய், செம்புத் தகடு, பட்டை ஒயர். ஈரம் பிடித்துவைக்கக் கரி, உப்பு. பின்பக்கம் மூன்றடியில் பாறை. வேப்பமரத்தடியில் மண் விட்டுக்கொடுத்தது. மாப்பிள்ளை தோண்டினார், கையில் கொப்புளம். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, சரோஜா ஆறு குடம் தண்ணீர் ஊற்றினாள்.

நாலு மணிக்கு டெஸ்ட் லாம்ப் பளிச். சார்ஜரைச் சொருகினால் பச்சை. அப்படியானால் நான் திருப்பி அனுப்பிய முதல் பீஸும் நல்லதுதான். அந்த ஏஜென்சிப் பையனிடம் என்னென்னவோ பேசிவிட்டேன். போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பெயரில்லாத நாலையும் பெட்டியில் போட்டு ஒட்டியாயிற்று. திருப்பி அனுப்ப.

ஜூன் 9, திங்கள்

நல்ல வெயில். நி. எட்டு பத்துக்குக் கிளம்பினாள். ஒன்பதரைக்கு போன்: "வந்துட்டேன்பா. உக்காந்துகினே வந்தேன்." கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கடையில் ஓர் ஆள். புது ஹீட்டருக்கு எர்த் ஒயர் பத்து மீட்டர். "பைப்புலயே கட்டிடறேண்ணே. எங்க அப்பாவுக்கும் நீங்கதானே சொன்னீங்க."

உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். குழி எப்படி எடுப்பது என்று படமும் போட்டுக் கொடுத்தேன். இன்னும் எத்தனை பேர்? நினைவுக்கு வந்தவரை எழுதினேன்: சர்ச் தெரு தையல்காரர். பேக்கரி. கறிக்கடை ஃப்ரீசர். கம்பவுண்டர் வீடு. மாரிகுப்பத்தில் மாவு அரைக்கும் ராஜம்மா. லைனில் எல்லாரும்.

சரோஜா: "போய்ச் சொல்லுங்க."

"ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அதுக்கு ஆளு உசுரோட இருக்கணும் இல்ல?"

ஜூன் 10, செவ்வாய்

கடைக்கு லீவு. டேவிட், டெஸ்ட் லாம்ப், என் ஸ்கூட்டர்.

தையல்காரர் — எரியவில்லை. பேக்கரி — எரியவில்லை. கறிக்கடை — மங்கல். கம்பவுண்டர் — எரியவில்லை. சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

மாரிகுப்பம் போகும்போது பன்னிரண்டு. ராஜம்மா ஈரத்தரையில் வெறுங்காலோடு, இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. "வாங்க கடைக்காரரே, உக்காருங்க." உட்காரவில்லை. டேவிட் லாம்பை வைத்தார். எரியவில்லை. விஷயத்தைச் சொன்னேன், முழுதாக, தப்பு என்னுடையது என்றும்.

கையிலிருந்த மாவை வழித்துவிட்டு என்னையே பார்த்தார். கோபம் இல்லை.

"அப்பப்போ சுரீர்ங்கும். நீங்க சொன்ன எர்த்தாச்சேன்னு தைரியமா தொட்டுகினு இருந்தேன்."

நானே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.