சாயம் கூட, இலை ஒன்னுதான்

டீமேக்கரய்யா,

நேற்றுக் காலை கடையில் ஒரு பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தேன். அடியில் ஒரு மூலையில் பழுப்புத் தாளில் கிழித்து ஒட்டிய துண்டு ஒன்று இருந்தது. அதில் உங்கள் கையெழுத்தில் "2". தலை பெருத்து, வால் நீண்ட அந்த இரண்டை உங்களைத் தவிர வேறு யார் எழுதுவார்? ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளி நிறப் பெட்டிதான். போன கிழமை இடி இடித்ததில் கரண்ட் பகுதி கருகி, என் கடைக்கே பழுது பார்க்க வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை நான் அதற்கும் முன்பிருந்தே சுமந்துகொண்டு திரிந்தேன். அதை இறக்கி வைக்கத்தான் இந்தக் கடிதம். பயப்படாதீர்கள், முடிவு நல்ல முடிவு.

இரத்தினபுரியைப் பெரிய வெள்ளம் மூழ்கடித்ததற்கு அடுத்த வருடம் அது. மாணிக்கக்கல் வியாபாரி, நாம் மாத்தயா என்று கூப்பிடும் சிங்களத்து ஐயா, பாட்டுக் கேட்பதற்கென்றே வீட்டில் ஓர் அறை கட்டியிருந்தார். சி.டி.யில் எண்களாகப் பதிந்திருப்பதை மறுபடி ஓசையாக்கித் தரும் டி.ஏ.சி. பெட்டிகள் இரண்டைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒன்று சின்னது, கறுப்பு. மற்றது வெள்ளி நிறம், நல்ல கனம், விலையும் பல மடங்கு. "முதலாளி, எனக்கு ஒன்னு போதும். நல்லது எதுன்னு கேட்டு சொல்லுங்க, மத்தத நீங்க வெச்சிக்கங்க" என்றார். பஜாரில் நல்ல காது என்னுடையதுதான் என்று ஒரு பேர் இருந்ததே, அதை நம்பித்தான்.

குருவிட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியிலிருந்து நீங்கள் அந்தச் சனிக்கிழமை ஃபியூஸ் வாங்க இறங்கி வந்தீர்கள். வெள்ளிப் பெட்டியின் முன்னால் நான் கண்ணெடுக்காமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "என்னாங்க முதலாளி, பொட்டியப் பார்த்துக்கிட்டே கேட்டா கண்ணுதாங்க கேக்கும். நாளைக்கு வாறேன். நாங்க கப்பு வெச்சி டீ ருசி பார்க்கிற மாதிரியே பார்ப்போம்."

மறுநாள் காலை இரண்டு துவாயும் பென்சிலுமாக வந்தீர்கள். கடை மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டீர்கள். முகத்தில் முதல்நாள் சிரிப்பு இல்லை.

"ஒரு விசயம் முதலாளி. வீட்டில ரேடியோவ நான் சத்தமா வெக்கிறேனாம், சம்சாரம் சொல்றா. கொழுந்து அரைக்கிற ரோலர் ரூம்ல இருவது வருசத்துக்கு மேல நின்ன காதுங்க இது. டீமேக்கருக்கு நாக்கு பாதி, காது பாதி. மெசின் சத்தம் மாறுறது கேக்கலன்னா நான் அங்க நிக்கக் கூடாது. இன்னும் மூனு வருசம் சர்வீஸ் கெடக்கு. இன்னைக்கு நான் பொட்டியப் பார்க்க வரல, என்னையப் பார்க்கத்தான் வந்தேன்."

"வாங்க, மேல போவோம்" என்று முன்னால் ஏறினேன்.

மேலே போனதும் பழைய ஆளாகிவிட்டீர்கள். இரண்டு பெட்டிக்கும் அடியில் எண் ஒட்டி, துவாயால் மூடினீர்கள். ஒரே சி.டி. பிளேயர், ஒரே ஸ்பீக்கர், ஒரே நாற்காலி. திருவிழாவில் நேரில் கேட்டுப் பழகிய சத்தமென்று நாதஸ்வரமும் தவிலும் உள்ள சி.டி.யை நீங்கள்தான் எடுத்தீர்கள். எந்தக் கப்பிலும் தண்ணீர் கூடக் குறைய இருக்கக் கூடாதென்று அம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகில் வெண்கட்டியால் கோடு போட்டு, இரண்டு பெட்டிக்கும் அந்தக் கோடுதான் என்று உத்தரவிட்டீர்கள். பெட்டி மாற்றும் வேலை என் வீட்டுக்காரிக்கு. அவள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று மாற்றி, வரிசையைத் தனியாகக் குறித்துக்கொண்டாள். ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் நீங்கள் பழக்கதோஷத்தில் வெந்நீரால் வாய் கொப்பளித்தீர்கள். "காதுல கேக்கிறதுக்கு இந்த ஐயா ஏன் வாயக் கழுவுறாரு?" என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை.

எட்டுச் சுற்று. எட்டிலும் ஒரு பெட்டி எனக்குத் தனியாகத் தெரிந்தது. நாதஸ்வரம் முன்னால் வந்து நின்றது, தவிலுக்கு வயிறு இருந்தது. மடமடவென்று எழுதினேன். உங்கள் பென்சில் அசையவே இல்லை.

முடிவில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "எனக்கு ரெண்டும் ஒன்னுதாங்க. ஒன்னுல சாயம் கொஞ்சம் கூட. ஆனா இலை ஒன்னுதான்." பிறகு நிமிர்ந்து, "உங்களுக்கு வித்தியாசம் கேட்டிச்சா? உண்மையச் சொல்லுங்க" என்றீர்கள்.

நான் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். "எனக்கும் ஒன்னுதாங்க" என்றேன்.

நீங்கள் விட்ட மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. உடனே பசி வந்துவிட்டது உங்களுக்கு. தட்டில் இருந்த வடை அத்தனையையும் தின்றுவிட்டு, தவிலை வாயாலேயே வாசித்துக்கொண்டு படியிறங்கினீர்கள். கீழே தெருவில் யாரிடமோ பேசிச் சிரித்த சத்தம் மாடிவரை கேட்டது. நான் தாளை எடுத்து வீட்டுக்காரியின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் நல்லதென்று எழுதியது எட்டிலும் இரண்டாம் எண், வெள்ளிப் பெட்டி. அப்படியென்றால் உங்கள் காது போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மாத்தயாவிடம் வெள்ளிதான் நல்லதென்று சொன்னேன். கறுப்பு எனக்கு மிஞ்சியது. இரண்டும் ஒன்றென்றால் அவர் ஏன் வெள்ளியை எடுத்தார் என்று நீங்கள் கேட்டபோது, "அவருக்கு அந்தக் கலர் புடிச்சிருக்கு" என்று இரண்டாவது பொய்யையும் அவிழ்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. காது கேட்காத மனிதரைப் பெல்ட் ஓடும் இடத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன் என்ற பயம் விடவே இல்லை. எந்த ஃபெக்டரியில் யாருக்குக் கை அடிபட்டதென்று கேள்விப்பட்டாலும் அது உங்கள் ஃபெக்டரியோ என்று விசாரிப்பேன். பரிதாபத்தில் உங்களோடு உரக்கப் பேச ஆரம்பித்தேன். நீங்களோ ஒருநாள் என் தோளைப் பிடித்து, "முதலாளி, கோவிச்சிக்காதீங்க. இப்படிக் கத்துறீங்களே, ஒங்க காத ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றீர்கள். உங்கள் சர்வீஸின் கடைசி வருடம் ட்ரையரில் ஒரு பேரிங் போகப் போகிறதென்று சத்தத்தை வைத்தே நீங்கள் சொன்னதை ஃபெக்டரியே பேசியது. நான் மட்டும் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். மூன்று வருடத்தையும் முழுதாக முடித்து ஓய்வெடுத்தீர்கள். அதே வருடம் நெஞ்சுவலி வந்து கூட்டிப்போய்விட்டது. பொய் என்னோடு தங்கிவிட்டது.

இனி நேற்றைய கதை. கருகியதை மாற்றி, சோதனை சி.டி.யைப் போட்டு மீட்டரை வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் கறுப்புப் பெட்டியையும் எடுத்து அளந்தேன். வெள்ளி கூடுதலான வோல்ட் தள்ளுகிறது. என் பழுதுவேலையில்தான் கோளாறோ என்று அதோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அதிலும் அதே அளவுதான் போட்டிருக்கிறது. செய்தவனே அப்படித்தான் செய்திருக்கிறான். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட நான் அளந்து பார்க்கவில்லை.

புரிகிறதா, டீமேக்கரய்யா? வால்யூம் கோடு ஒன்றாக இருந்தால் போதுமென்று நம்பினோம். ஒரே கோட்டில் வெள்ளிப் பெட்டி சத்தமாகப் பாடியிருக்கிறது. அது ஒரு துளிச் சத்தம்தான். சத்தமென்று தெரியாது, நல்லதென்றுதான் தெரியும். தண்ணீரை அளந்து ஊற்றிவிட்டு, இலையை நிறுக்காமல் போட்டிருக்கிறோம். சின்னப் பயல்கூட உங்கள் டேஸ்டிங் மேசையில் செய்யாத பிழையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். அதில் ஏமாந்தது நான். உங்கள் நாக்கு, மன்னிக்கவும், உங்கள் காது ஏமாறவில்லை. சத்தம்தான் கூட, பாட்டு ஒன்றுதான் என்பதைத்தான் சாயம் கூட, இலை ஒன்றுதான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டீர்கள். நான்தான் அதைச் செவிடரின் சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

சும்மா விடுவேனா? ஸ்பீக்கர் வயரில் மீட்டரை வைத்து, இரண்டு பெட்டிக்கும் ஒரே அளவு வரும்படி திருகில் இரண்டு கோடு போட்டேன். துவாயால் மூடி, வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். எட்டுச் சுற்று. எது வெள்ளி என்று நான் சொன்னதில் எட்டில் நாலு சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். "இதத்தானே அந்த ஐயா அன்னைக்கே சொன்னாரு" என்றாள் அவள். நான் சிரித்தேன். பிறகு துவாயில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

இன்று காலை மாத்தயா வந்தார். நல்லதென்று தப்பாகச் சொல்லி வெள்ளியை அவர் தலையில் கட்டிவிட்டேன் என்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கமக் நே முதலாளி, பரவால்ல. நீங்க சொல்றதுக்கு முன்னுக்கே நான் வெள்ளிதான்னு நெனச்சிட்டேன். அந்தக் கலர் எனக்குப் புடிச்சது" என்றார். ஆக, என் இரண்டாவது பொய்யும் பொய்யில்லை.

பெட்டியைக் கொடுத்தேன். அடியில் இருந்த தாளை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்து, என் மீட்டரின் முதுகில் ஒட்டியிருக்கிறேன். இனி எதையும் நல்லதென்று சொல்லுமுன் கை அதில் படும்.

அன்று நீங்கள் சிரித்துக்கொண்டு படியிறங்கினீர்களே, அந்தச் சிரிப்பு நான் பொய் சொல்லி வாங்கிக்கொடுத்தது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்தேன். இல்லை, அய்யா. அது உங்களுக்கு உரியதுதான். உங்கள் காதுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

இதை நான் கத்திச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொல்கிறேன். உங்களுக்குக் கேட்கும்.