பாறைச் சூடு தெரியாத கால்

என் அம்மாவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் செருப்பு தேவைப்படாது. இங்கே சித்திக்குத் தேவைப்படுகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

விழுப்புரம் வீட்டில் இப்போது நான் மட்டும். கம்பெனியில் மெஷின்களின் சென்சார் பார்க்கிற அதே வேலை. வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய் உன் தங்கையிடம் திட்டு வாங்கினால்தான் உண்டு.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட வந்தாள். ஒரு கால் வெறுமையாக இருந்தது.

"சித்தி, செருப்பு எங்க?"

"காலுலதான்டா கீது. கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?"

குனிந்து பார்த்தாள். செருப்பு, வேர்க்கடலை வறுக்கிற மல்லாட்டை வண்டிக்குப் பக்கத்திலேயே கழன்று கிடந்தது.

எனக்குப் பெருமுக்கல் மலை ஞாபகம் வந்தது. உச்சிவெயிலில் எல்லோரும் துள்ளித் துள்ளி நடக்க, நீ மட்டும் வெறுங்காலோடு நிதானமாக ஏறினாய். "சாமி இவள தாங்கிக்கினு போவுது" என்று கும்பிட்டார்கள். நீயும் நம்பினாய். அந்தப் பாறை எப்படிச் சுட்டது என்று உனக்குக் கொஞ்சமாவது தெரிந்ததா?

அன்றைய கொப்புளம் புண்ணாகி, காலை எடுத்து, நீயும் போன பிறகுதான் எல்லாம் புரிந்தது. சர்க்கரை நரம்பைத் தின்றிருக்கிறது. மலையேறும் முன்பே பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றினாய். பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றாய். பிறகு எரிச்சல் நின்றதும், "சரியா பூட்ச்சுடா" என்றாய். சரியாகவில்லை அம்மா. ஒயர் அறுந்தால் அலாரமும் அடிக்காது.

சித்தியை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார்.

"ஜல்தி தொடுங்க டாக்டர், சோறு வடிக்கணும்" என்றாள் சித்தி.

அவர் தொட்டு முடித்திருந்தார்.

இன்னும் புண் எதுவும் இல்லையாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, பாதத்தைத் தினமும் பார்த்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார். வெளியே வந்ததும் சித்தி மெல்லச் சொன்னாள், உன் நினைவாக வெறுங்காலோடு மலையேற வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்.

"செருப்பு போட்டா சாமி கோச்சிக்கும்டா."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ சாக்ஸும் வார் வெச்ச செருப்பும் போட்டுக்கினு ஏறு, அதுவும் விடியக்காலையில."

விழுப்புரம் வரமாட்டேன் என்கிறாள். அதனால் சாயந்திரம் வீடியோ காலில் பாதத்தைக் காட்டுகிறாள். முகம் தெரிவதில்லை, குரல் மட்டும் திட்டுகிறது. அந்தச் சுண்டுவிரல் வளைவு அப்படியே உன்னுடையது. போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் காலை விடமாட்டேன் அம்மா. தினமும் பார்ப்பேன்.

உன் தங்கையையும் அம்மா என்றே நினைக்கும்
உன் மகன்