வருகைப் பதிவேட்டில் கையெழுத்து

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன்,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நேற்று புதிய மேம்பாலத்துக்காக மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. குறிப்பு எழுதுகிற வேலை எனக்கு. மதியத்துக்குள் முடிந்தால் போதும் என்று பொறியாளர் இருந்தார். கடைக்காரர்களுக்குப் பாலம் அவரவர் வாசலில் இறங்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு வேண்டியது எல்லோருடைய கையெழுத்தும்தான். தையல்கார அம்மா ஒருவர் மட்டும் வருகைப் பதிவேட்டைத் தள்ளிவைத்துவிட்டார்.

"வந்ததுக்குத்தாம்மா கையெழுத்து," என்றேன்.

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. அப்புறம் வந்தவங்க எல்லாரும் சம்மதிச்சதா எழுதிட்டீங்க. பாலம் வேணாம்னு நான் சொல்லல. முடிவு பண்ணிட்டு எங்கள எதுக்குக் கேக்குறீங்க?"

மேசையில் விரித்திருந்த வரைபடத்தில், அவர் வீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு தூண் நின்றது.

அவர் கேட்டதை அப்படியே குறிப்பில் எழுதினேன். பொறியாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கவலைப்படாதே.

நீ போர்த்திக்கொள்ளும் அந்தப் பழைய போர்வையை அனுப்பி வை. துவைக்க வேண்டாம்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்குப் போகட்டுமா என்று உன்னைக் கேட்டபோதே பயணச்சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. "உங்க இஷ்டம்" என்றாய். நான் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லித் தாள் நீட்டியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. நீ சொல்.

உன் வீட்டுக்காரன்